இரண்டு தரம் நசிந்த எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 5

தவரத்தினத்தின் மீசை நனைந்திருந்தது.

அழுகிற மனிதருக்குக் கன்னம் நனைவதுதான் உலக வழக்கம். இவருக்கு வந்த கண்ணீர் முழுவதையும் மீசையே வாங்கிக்கொண்டதால் கன்னத்துக்கு மிச்சம் எதுவும் போகவில்லை. ஒரு காதருகில் தொடங்கி மறு காதருகில் முடிகிற கரிய மீசை அது. பிரெஞ்சுத் தலைநகரில் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் கடைக்காரர்கள் தூரத்தில் கண்டதுமே "மீசை வருது" என்பார்கள். கொஞ்சம் பின்னால் தவரத்தினமும் வந்து சேருவார்.

மிருணாளினி காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். ரூ காய் தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். முன்பு நீண்ட காலம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். நம்மவர்கள் தமிழில் சொன்ன பொய்களைப் பிழையில்லாத பிரெஞ்சில் திருப்பிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அந்த வேலையை விட்டுவிட்டு உண்மையைத் தேடுகிற தொழிலுக்கு வந்தாள். இந்தத் தொழிலிலும் முக்கால்வாசி நேரம் பொய்யைத்தான் கேட்க வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கத் தேவையில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கதவு திறந்தது. ஒரு கையில் தேநீர், மறு கையில் வடைப் பொட்டலத்துடன் றொஜர் நொண்டிக்கொண்டு வந்தான். அவளுடைய உதவியாளன். மன்னார்க்காரன். உணவகங்களில் கோப்பை கழுவிய காலத்தில் கை ஓயவில்லை. இப்போது வாய் ஓய்வதில்லை.

"என்ன, கால்?" என்றாள் மிருணாளினி.

"காலமை குசினி மேசைக்குக் கீழை காலை நீட்டினன் அக்கா. ஏதோ இரும்புச் சாமான் துணியாலை சுத்திக் கிடக்குது. பெருவிரல் கொழுக்கட்டை ஆயிட்டுது. மனுசி நிரஞ்சலாவைக் கேட்டால், கன்டீனிலை ஆரோ குடுத்து வைச்ச உழுந்து அரைக்கிற மெஷினாம். தொடக்கூடாதாம். என்ரை வீட்டிலை நான் தொடக்கூடாத சாமான்களின்ரை தொகை கூடிக்கொண்டு போகுது." அப்போதுதான் அவன் மீசையைக் கண்டான். "ஐயோ அண்ணை, ஆர் செத்தது?"

"என்ரை பெட்டியைக் களவெடுத்திட்டாங்கள் தம்பி."

"நகைப் பெட்டியோ?"

"கியர்பொக்ஸ்."

"காரின்ரையோ?"

"புல்லு வெட்டுற மெஷின்ரை."

றொஜர் வடைப் பொட்டலத்தை மெதுவாக மேசையில் வைத்தான். புல்லு ஓடித் தப்பாது, பிறகு அதைத் துரத்த ஏன் கியர் என்று கேட்கத்தான் அவன் வாயைத் திறந்தான். மிருணாளினியின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான்.

விசயம் இதுதான். பொபினியில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கும் தவரத்தினத்துக்கு ஒரு பைத்தியம். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்லுவெட்டும் இயந்திரத்தில் வெட்டும் அலகைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓடுவார். வடக்கே ஒரு கிராமத்துச் சோளக்காட்டில் வருடா வருடம் நடக்கும் போட்டி. ஓடுகிறவர்கள் எல்லாரும் பிரெஞ்சு விவசாயிகள். நாளை ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்துப் போட்டி.

"கடையிலை வாங்கேக்கை உந்த மெஷின் வண்டில் மாட்டு வேகத்திலைதான் போகும் தங்கச்சி. எல்லாரும் என்ஜினைப் பெருசாக்கினால் காணும் எண்டு நினைக்கினம். வேலை இருக்கிறது கியர்பொக்ஸிலை." கதை சொல்லத் தொடங்கியதும் தவரத்தினத்தின் கண்ணீர் நின்றுவிட்டது. பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்துத் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்தத் தட்டு என்ஜின் பக்கத்துக் கப்பி. இந்த வடை கியர்பொக்ஸ் பக்கத்துக் கப்பி. நடுவிலை பெல்ட் ஓடுது. தட்டு ஒருக்கால் சுத்த, வடை எத்தினை தரம் சுத்தும்?"

"வடைக்குத் தலை சுத்துமட்டும்" என்றான் றொஜர்.

"அதுதான் வேகம். அங்காலை பெரிய கப்பி, இங்காலை சின்னக் கப்பி. பிறகு பெட்டியைத் திறந்து உள்ளை இருந்த சில்லறைப் பல்லுச்சக்கரம் எல்லாத்தையும் கழட்டினன். ரிவேர்ஸும் இல்லை. பந்தயத்திலை ஆர் பின்னுக்குப் போறது? பாரமும் குறைஞ்சுது. பின்சில்லு ரெண்டும் வேற வேற வேகத்திலை சுத்த உள்ளை ஒரு ஏற்பாடு இருக்கும், வளைவிலை வடிவாத் திரும்புறதுக்கு. அதை வெல்டிங் பண்ணி ஒட்டிப்போட்டன். இப்ப ரெண்டு சில்லும் ஒண்டாத்தான் சுத்தும். தார் றோட்டிலை திருப்பினால் கீச்செண்டு கத்தும். ஆனால் சேத்திலை பாருங்கோ, அந்தமாதிரிப் போகும். கடைசியா, ஒயிலுக்குப் பதிலா கிறீஸ்."

"என்ன கிறீஸ்?" என்றாள் மிருணாளினி.

மீசை ஒரு கணம் அசையாமல் நின்றது. "அது இரகசியம்" என்றார் தாழ்ந்த குரலில்.

நேற்று வெள்ளிக்கிழமை, ரூ பஜோல் பிள்ளையார் கோயில் வாசலில் இயந்திரத்துக்குப் பூசை போட்டார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் முறைப்படி. மனைவி சாரதாதேவி ஏறி இருந்து எலுமிச்சம்பழங்களின் மேல் ஏற்றினாள். வீட்டுக்காரி ஏற்றினால்தான் ராசி என்பது தவரத்தினத்தின் கட்சி. பிறகு எல்லாருமாகத் தள்ளிக் கமியோன் என்கிற லொறியில் ஏற்றிக்கொண்டு பொபினிக்குப் போனார்கள். இன்று காலையில் கராஜைத் திறந்தால் மாலை இருக்கிறது, சந்தனம் இருக்கிறது, கியர்பொக்ஸ் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

"ஆரிலை சந்தேகம்?"

"சந்தேகமில்லை, முடிவே செய்திட்டன். பாலச்சந்திரன். என்ரை மனுசியின்ரை தம்பி. முந்தி நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஓடினனாங்கள். பிறகு அவன் ஹைட்ரோ பக்கம் மாறிட்டான்."

"அது என்ன மதம்?" என்றான் றொஜர்.

"கியரே இல்லாத மெஷின். ஒயில் தள்ளிச் சில்லைச் சுத்தும். அதுதான் திறம் எண்டு நிண்டான். இல்லை எண்டு நான் நிண்டன். அதிலை பிரிஞ்சதுதான். இந்த முறை அவனும் ஓடுறான். காலமை அவன்ரை கடைக்குப் போய் எல்லாச் சனத்துக்கும் முன்னாலை..." தவரத்தினம் நிறுத்தி, இரண்டு விரலால் மீசையின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டார். "மீசையிலை சத்தியம் பண்ணிப்போட்டன். இண்டைக்கு விளக்கு வைக்க முன்னம் நீதான் கள்ளன் எண்டு நிரூபிக்கிறன், இல்லாட்டி மீசையை எடுக்கிறன் எண்டு."

"அண்ணை, அவசரப்பட்டிட்டியள்" என்றாள் மிருணாளினி.

"வாற மாசம் மகள் சாம்பவியின்ரை கலியாணம் தங்கச்சி. மாப்பிள்ளைப் பகுதி லண்டனாலை வருது. மீசை இல்லாமல் நான் படத்துக்கு நிண்டால் என்னை ஆரெண்டு நினைப்பினம்? வீடியோக்காரன் எண்டு நினைப்பினம்."

மறுபடியும் மீசை நனையத் தொடங்கியது. மிருணாளினி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாலச்சந்திரனின் மளிகைக்கடை பத்தடி தள்ளித்தான் என்று சொல்லலாம். ஆனால் சனிக்கிழமை லாச்சப்பலில் பத்தடி நடப்பதற்குள் மூன்று பேர் நலம் விசாரிப்பார்கள், ஒருவர் சீட்டுப் பிடிக்கக் கூப்பிடுவார். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் முருங்கைக்காய்க்கும் வெண்டிக்காய்க்கும் நடுவில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது. தலையிலும் மயிர் இல்லை, முகத்திலும் இல்லை. அத்தானுடைய சத்தியத்துக்கு ஈடாகப் பந்தயம் வைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"உங்களிலைதான் சந்தேகம்" என்று நேரே விசயத்துக்கு வந்தாள் மிருணாளினி.

"தெரியும். சனத்துக்கு முன்னாலை கள்ளன் எண்டவர்." பாலச்சந்திரனின் முகம் சிவந்தது. "பிள்ளை, நான் ஹைட்ரோக்காரன். கிளச்சு இல்லை, கியர் இல்லை, மிதிச்சால் போகும். அத்தான்ரை பெல்ட்டும் பல்லுச்சக்கரமும் எனக்கு என்னத்துக்கு? சைவக்காரன் கோழிக்கால் களவெடுப்பானோ?"

"போன வருசம் ஹைட்ரோ என்ன செய்தது?" என்றான் றொஜர்.

"சூடேறி நடுவழியிலை நிண்டிட்டுது. அது வேற கதை."

கடைக்குப் பின்னால் முற்றத்தில் நின்ற தன் இயந்திரத்தைக் காட்டினார். இருக்கையைத் தூக்கினால் கொழுத்த ஒயில் பெட்டி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றாமல் அங்கே வேறெதையும் பூட்ட இடமில்லை. அது மட்டுமல்ல, அதைத் தடவிக்கொண்டு அவர் பேசிய விதத்தைப் பார்த்தால், அந்தப் பெட்டிக்குத் துரோகம் செய்கிற மனிதராகத் தெரியவில்லை.

"நேற்றுப் பூசை நேரம் எங்கை இருந்தனீங்கள்?"

"கடையிலைதான்" என்றார் பாலச்சந்திரன். சொல்லிக்கொண்டே முருங்கைக்காய்களை எடுத்து நீளவாரியாக அடுக்கத் தொடங்கினார்.

"அண்ணை, கோட்டிலை நான் கனகாலம் நிண்டனான். பொய் சொல்லுற ஆக்கள் முன்னுக்கு இருக்கிற சாமானை அடுக்குவினம். கடதாசி இருந்தால் கடதாசி. இஞ்சை முருங்கைக்காய்."

முருங்கைக்காய் ஒன்று கீழே விழுந்தது. பாலச்சந்திரன் அதைக் குனிந்து எடுத்தார். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"கோயிலுக்குப் போனனான். வாசல் பக்கம் தேங்காய் மூட்டை அடுக்கிக் கிடந்தது. அதுக்குப் பின்னாலை குந்திக்கொண்டு பாத்தனான். அக்கா மெஷின் ஓடுறா எண்டு கேள்விப்பட்டு ஆசையிலை போனது. அத்தானோடைதான் கதை இல்லை, அக்காவோடை எனக்கு என்ன கோவம்? ரெண்டு பொங்கலா அவவின்ரை வீட்டுப் படி மிதிக்கேல்லை." தொலைபேசியை நீட்டினார். "வீடியோவும் எடுத்தனான். ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

வீடியோ அழகாக இல்லை. மூட்டைகளின் இடுக்கு வழியே, நிலத்தோடு நிலமாக எடுத்தது. முகம் எதுவும் இல்லை. இயந்திரத்தின் முன்சில்லு, அதன் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், மேலே மிதியில் சேலைக்கரையும் மெட்டி போட்ட ஒரு காலும். மணிச் சத்தம். சில்லு மெல்ல முன்னால் உருண்டு பழத்தின் மேல் ஏறியது. பழம் நசிந்தது. எங்கேயோ ஒரு கமியோன் ஹோர்ன் அடித்தது. தவரத்தினம் தூரத்தில் யாரோடோ பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. சில்லு திரும்பி வந்து பழத்தை மறுபடியும் நசித்தது. பிறகு பக்கவாட்டில் சட்டென்று திரும்பி, கமியோனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றது.

"அக்கா வடிவா ஓடுறா, என்ன?" என்றார் பாலச்சந்திரன் பெருமையோடு.

"எலுமிச்சம்பழம்தான் பாவம்" என்றான் றொஜர். "ஒருக்கால் நசிச்சால் திருஷ்டி போகும். ரெண்டாந்தரம் நசிச்சது ஊறுகாய்க்கோ?"

மிருணாளினி அவனை வினோதமாகப் பார்த்தாள். "திருப்பிப் போடும்" என்றாள்.

இன்னொரு தரம் போட்டான். பிறகு இன்னொரு தரம். அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணை, விளக்கு வைக்கிற நேரம் பொபினிக் கராஜுக்கு வாங்கோ. சவரக்கத்தி ஒண்டும் கொண்டு வாங்கோ."

"அப்ப நான் கள்ளன் இல்லையோ?"

"நீங்கள் ஹைட்ரோக்காரன்" என்றாள் மிருணாளினி, வெளியே நடந்துகொண்டே.

மெத்ரோவில் இடம் கிடைத்ததும் றொஜர் காலை நீட்டி, வலித்து, மடக்கிக்கொண்டான். "அக்கா, எங்களுக்குக் காசு தாறது மீசைக்காரர். நீங்கள் அவருக்கே கத்தி கொண்டுவரச் சொல்லுறியள்."

"எலுமிச்சம்பழம் ஏன் ரெண்டு தரம் நசிஞ்சுது?"

"சில்லு முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்தது."

"அந்தக் கியர்பொக்ஸிலை ரிவேர்ஸ் இருக்கோ?"

றொஜர் வாயைத் திறந்தான். அதிலிருந்து எதுவும் வரவில்லை. அந்த மெத்ரோப் பெட்டியில் வந்து ஏறிய பயணிகளுக்கு அது சாதாரணமாகத் தெரிந்திருக்கும்; அவனைத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு அதிசயம்.

"ஆரும் தள்ளியிருக்கலாம்" என்றான் கடைசியில்.

"தள்ளின கால் ஒண்டும் வீடியோவிலை இல்லை. அது மட்டுமில்லை, தார் றோட்டிலை அப்பிடித் திருப்பினால் வெல்டிங் பண்ணின பெட்டி கீச்செண்டு கத்தும் எண்டு அவரே சொன்னவர். சத்தம் கேட்டுதோ?"

"மணியும் ஹோர்னும் மீசை அண்ணையின்ரை சண்டையும்தான் கேட்டது."

"அப்ப கோயில் வாசல்லை மெஷினுக்குள்ளை இருந்தது பந்தயப் பெட்டி இல்லை. கடையிலை வாங்கேக்கை வந்த சாதாரணப் பெட்டி. இரவு கராஜுக்குள்ளை ஒரு கள்ளனும் வரேல்லை, றொஜர். பூசைக்கு முன்னமே பெட்டி மாறிட்டுது. ஓட்டின ஆளுக்கு அதிலை ரிவேர்ஸ் இருக்கெண்டு தெரிஞ்சிருக்குது."

"சாரதா அக்காவோ?" றொஜர் மார்பில் சிலுவை போட்டான். "ஏன் அக்கா?"

"கோயிலுக்குப் போக முன்னம் ஒரு பெட்டியைக் கழட்டி, வேற பெட்டியோடை கோயிலுக்குப் போறா. ஏன்? யோசியும். செருப்பை ஏன் வாசல்லை கழட்டுறம்?"

மெத்ரோ நிலத்துக்கு மேலே வந்தது. றொஜர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பொபினிவரை வந்தான்.

கராஜில் சாரதாதேவி தேநீரும் றோல்ஸும் வைத்தாள். அமைதியான பெண்மணி. சென் தெனியில் ஒரு அலுவலகக் கன்டீனில் வேலை. கணவர் மூன்று வாக்கியத்தில் சொல்வதை அவள் ஒரு "ம்"-இல் சொல்லிவிடுவாள். நடுவில் அந்த இயந்திரம் மாலையோடு நின்றது. வேலை மேசையைச் சுற்றி நிலத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்த அடையாளம் காய்ந்து கிடந்தது.

"பிடிச்சிட்டியளோ தங்கச்சி?" தவரத்தினம் ஓடி வந்தார். "ஒத்துக்கொண்டானோ?"

"அண்ணை, அந்தக் கிறீஸிலை என்ன இருக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன..."

"மீசை வேணுமெண்டால் சொல்லுங்கோ."

தவரத்தினம் மனைவியைப் பார்த்தார். மனைவி தேநீரைப் பார்த்தாள். அவர் மிருணாளினியின் காதருகே குனிந்து, கராஜ் முழுவதும் கேட்கிற அளவு இரகசியமாகச் சொன்னார்:

"மாட்டுக்கொழுப்பு. அங்கை ஒரு கிழவன் விவசாயி சொல்லித் தந்தவன். கிறீஸோடை உருக்கிக் கலந்தால் சூடேறினாலும் ஒழுகாது, பல்லு வழுக்கிக்கொண்டு ஓடும்."

"அண்ணை, நீங்கள் கியர்பொக்ஸ் செய்யேல்லை" என்றான் றொஜர். "குழம்பு வைச்சிருக்கிறியள்."

"இரகசியமோ?" என்றாள் சாரதாதேவி. அவள் குரலை றொஜர் முதன்முதலாக அப்போதுதான் கேட்டான். "என்ரை சாம்பார்ச் சட்டியிலை உருக்கினவர். நான் வேலையாலை வர, வீடு முழுக்க வாசம். சட்டியை எறிஞ்சன். நாலு நாள் சாமியறை கழுவினன்."

"சாரதா, உனக்குத் தெரியுமோ?"

"மூக்கு இருக்கெல்லே?" அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மாட்டுக்கொழுப்பை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு மெஷினைப் பிள்ளையாருக்கு முன்னாலை நிப்பாட்டச் சொல்லுறார். மகளின்ரை கலியாணம் வருது. அந்தப் பாவத்தை நான் ஏத்துறதோ? அதுதான் வியாழக்கிழமை நானே கழட்டி, பழைய பெட்டியைப் பூட்டினன்."

"நீயோ? உனக்கு எப்பிடி..."

"இத்தினை வருசமா நீங்கள் கழட்டிப் பூட்டேக்கை டோர்ச் லைற் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்? தூங்கிக்கொண்டோ பிடிச்சனான்?"

தவரத்தினம் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். தன் சொந்தக் கராஜில் தனக்குத் தெரியாமல் ஒரு மெக்கானிக் இருந்ததை அவரால் உடனே சீரணிக்க முடியவில்லை.

"இண்டைக்கு வெள்ளன வந்து பழைய பெட்டியைக் கழட்டினன், பந்தயப் பெட்டியைத் திருப்பிப் பூட்டுவம் எண்டு. அதை எடுத்துக்கொண்டு வர நான் கராஜைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட, அதுக்கிடையிலை இவர் வந்து திறந்து பாத்து, கள்ளன் கள்ளன் எண்டு கத்திக்கொண்டு லாச்சப்பலுக்கு ஓடிட்டார்."

"அப்ப இப்ப என்ரை பெட்டி எங்கை?"

"மாட்டுக்கொழுப்புச் சாமானைச் சாமியறை இருக்கிற வீட்டிலை வைக்கேலாது. அதாலை ஒரு வேதக்கார, கிறிஸ்தவ வீட்டிலை குடுத்து வைச்சிருக்கிறன். கன்டீனிலை என்னோடை வேலை செய்யிற பிள்ளை. நல்ல பிள்ளை, என்ன ஏதெண்டு கேக்காது. உழுந்து மெஷின் எண்டு சொன்னன்."

 மிருணாளினி மெதுவாகத் திரும்பினாள்.

"றொஜர், கால் எப்பிடி இருக்கு?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கிற வாய்ப்பு அன்று கராஜில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. றொஜர் தொலைபேசியை எடுத்தான்.

"நிரஞ்சலா, அந்த உழுந்து மெஷினை... ஓம், அதைத்தான். சில்லு பூட்டின பையிலை வைச்சுப் பொபினிக்குக் கொண்டு வாரும்... என்ன? பூனையோ? பூனை ஏன் நக்குது எண்டு பேந்து சொல்லுறன்."

இவ்வளவுக்கும் நடுவில் தவரத்தினத்துக்கு உயிர் திரும்பிவிட்டது. எழுந்து மீசையைத் தடவினார். "ஆ, பெட்டி கிடைச்சிட்டுது. பிறகென்ன. நாளைக்கு ஓடலாம். தங்கச்சி, நீங்கள் கெட்டிக்காரி."

"அண்ணை, சத்தியம் பெட்டி கிடைக்கிறதைப் பற்றி இல்லை. பாலச்சந்திரன் கள்ளன் எண்டு நிரூபிக்கிறதைப் பற்றி. அவர் கள்ளன் இல்லை எண்டு நானே நிரூபிச்சிட்டன்."

தவரத்தினத்தின் கை மீசையிலேயே நின்றது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லித் தப்புகிறவர்கள் உண்டு. இவருக்கு அந்த வசதியும் இல்லை. ஒட்டுவதற்கு மீசையே இருக்கப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கராஜ் வாசலில் பாலச்சந்திரன் நின்றார். கையில் புதுச் சவரக்கத்தி, கடை உறை பிரிக்காமல். உள்ளே வரவில்லை. பெட்டி எங்கே போயிருந்தது என்பதை மிருணாளினி அவருக்கு இரண்டு வரியில் சொன்னாள். அவர் அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், கத்தியைப் பின்னால் மறைத்தார்.

"அத்தான், அதை விடுங்கோ. எனக்கு உங்கடை மீசை வேண்டாம். கள்ளன் எண்டதைத் திருப்பி எடுத்தால் காணும். நான் கலியாணத்துக்கு வரவேணும். சாம்பவிக்கு நான் ஒரே மாமன்."

தவரத்தினம் அவரை நீண்ட நேரம் பார்த்தார். கண் கலங்கியது. மீசை வழக்கம்போலத் தன் பங்கை வாங்கிக்கொண்டது.

"பிழை என்ரைதான் மச்சான். உள்ளை வா." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி சாரதா. காலமை நான் லாச்சப்பலாலை வந்து சத்தியத்தைச் சொன்னனானே. அப்ப ஏன் நீ வாய் திறக்கேல்லை? அப்பவே சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லையே."

சாரதாதேவி சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகினாள். முருங்கைக்காய் இல்லாத குறைக்கு அதுதான் கிடைத்தது. மிருணாளினி அதைக் கவனித்தாள். ஆனால் இந்த முறை வந்தது பொய் இல்லை.

"பொம்பிளை பாக்க வந்த அண்டும் அந்த மீசையோடைதான் வந்தனீங்கள். தாலி கட்டேக்கையும் இருந்தது. ஆசுப்பத்திரியிலை ஒப்பரேசன் செய்யேக்கை கூட எடுக்க விடேல்லை. உங்கடை முழு முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. நீங்களாச் சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்க, சரி, இதுதான் சந்தர்ப்பம், ஒருக்கால் பாப்பம் எண்டு ஒரு ஆசை வந்திட்டுது." தலையைக் குனிந்துகொண்டாள். "பிழைதான். வேண்டாம், விடுங்கோ."

றொஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மிருணாளினி ஒரு றோல்ஸை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தாள்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். தவரத்தினத்துக்கு எது கூழ், எது மீசை என்று அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. மனைவி தன்னிடம் இத்தனை வருடத்தில் நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை. ஒரு முகத்தைத்தான் கேட்டிருக்கிறாள், அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. மைத்துனர் கையிலிருந்து கத்தியை வாங்கினார்.

"அத்தான், கலியாணப் படம்..."

"நீ பேசாமல் இரடா."

கராஜின் மூலையில் கை கழுவுகிற தொட்டிக்கு மேல் உடைந்த கண்ணாடி ஒன்று இருந்தது. கை கழுவுகிற சவர்க்காரத்தையே நுரைத்துப் பூசிக்கொண்டார். எல்லாரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாலச்சந்திரன் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தண்ணீர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பெரிய மீசை என்பதால் நேரம் எடுத்தது. சாரதாதேவி கொலுசு சத்தம் கேட்காமல் ஓர் அடி முன்னால் வந்தாள்.

தவரத்தினம் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

 றொஜர் றோல்ஸை மெல்லுவதை நிறுத்தினான். மேலுதடு என்பது மனிதருக்கு இவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று மிருணாளினிக்கு அதுவரை தெரியாது. முகத்தின் மற்ற இடமெல்லாம் வெயிலில் கறுத்திருக்க, அது மட்டும் வெளுத்துப்போய், தான் ஏன் இங்கே வந்தேன் என்று தெரியாமல் நடுவில் நின்றது.

சாரதாதேவி கிட்டப் போனாள். அவருடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கண் நிறையப் பார்த்தாள். பெருவிரலால் அந்த உதட்டை ஒருமுறை மெல்லத் தடவினாள். தவரத்தினம் மூச்சை அடக்கிக்கொண்டு, பொம்பிளை பார்க்க வந்த அன்று நின்றதைப்போல அசையாமல் நின்றார்.

"என்ன சாரதா, சொல்லன்."

"இஞ்சாருங்கோ" என்றாள் அவள், மிக மிக அன்பாக. "கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. நாளைக்கு எண்டு பிந்தாமல் இப்பவே வளக்கத் தொடங்குங்கோ."